டிக்கெட் பேப்பரில் மடித்த சாம்பல்

“கண்ண மூடுங்க” என்றாள் ஆரோக்கியம்.

மூடினேன். அவள் பெருவிரல் என் நெற்றியில் பட்டது. துவையல் அரைத்த கை, தேங்காய் வாசனை அடித்தது. மேலிருந்து கீழே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. சாம்பல் கொஞ்சம் மூக்கின்மேல் கொட்டியது. தும்மலை அடக்கிக்கொண்டேன்.

பிறகு வழக்கம்போலத் தயங்கினாள். எங்கள் தவக்காலத்தின் முதல் நாளான விபூதிப் புதன் அன்று கோயிலில் சாமியார் சாம்பல் பூசும்போது, மனிதன் மண்தான், மண்ணுக்குத்தான் திரும்புவான் என்று சொல்லிப் பூசுவார். “மனிதனே” என்று தொடங்குவார். கட்டின புருஷனைப் போய் “மனிதனே” என்று கூப்பிட ஆரோக்கியத்துக்குக் கூச்சம். அதனால் சொந்தமாக ஒரு வாசகம் வைத்திருந்தாள்.

“நாமல்லாம் மண்ணுதான். ஞாபகம் வச்சுக்கினு இருங்க.”

“வச்சுக்கினேன்.”

“சாப்டீங்களா?”

“ஆச்சு, ஆச்சு.”

அவ்வளவுதான் சடங்கு. அவள் அடுப்படிக்குப் போனாள். நான் யூனிஃபார்மைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பாயில் சாய்ந்தேன். ரெண்டு நாளாகத் தூக்கமில்லை. உள்ளே தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. நான் குறட்டை விட்டால் ராஜகிரி மலைக் குரங்குகள் எழுந்துவிடும் என்பாள் ஆரோக்கியம்.

மறுநாள் காலையில் அவள் போட்ட கூச்சலில்தான் எழுந்தேன்.

எந்தச் சாம்பல்?

“ஐயோ மாதாவே! இன்னாங்க இது?”

எங்கள் வீட்டில் இயேசுவின் திரு இருதயப் படத்துக்குக் கீழே ஒரு மரப்பலகை உண்டு. மெழுகுவத்தி, ஜெபமாலை எல்லாம் அங்கேதான். துடைக்கப்போனவள் கையில் ஒரு பொட்டலத்தோடு நின்றாள். பஸ் கண்டக்டர் வீட்டில் எதை மடிப்பதற்கும் டிக்கெட் மெஷினில் போடுகிற ரோல் பேப்பர்தான், இதுவும் அதில் மடித்த பொட்டலம்.

“நேத்து பூசுன சாம்பல்தானே” என்றேன்.

“நேத்து பூசுனதும் டிக்கெட் பேப்பருலதான் இருந்துச்சு. இது மெழுகுவத்தி அடில இருக்குது. நான் கோயில்லருந்து கொண்டாந்து வச்சது இதுதான். அப்போ நேத்து நான் பூசுனது இன்னா?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சட்டைப் பையைக் காலி செய்தபோது விசில், பேனா எல்லாவற்றையும் அந்தப் பலகையில்தான் வைத்திருந்தேன். அதோடு ஒரு பொட்டலமும். மேல்மலையனூரிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் ஒரு அம்மா என் கையில் ஒரு சிட்டிகைச் சாம்பலை வைத்து, “அங்காளம்மா சாம்பல் கண்டக்டரே, வூட்டுக்கு எடுத்துக்கினு போ” என்றார். கூட்டத்தில் நின்றுகொண்டு வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. கையிலிருந்த ரோல் பேப்பரைக் கிழித்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

விஷயத்தைச் சொன்னேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் நெற்றியில் சோப்புப் போட்டு, கருகிய பாத்திரத்தைத் தேய்ப்பதுபோலத் தேய்த்தாள். துடைத்துவிட்டு, சரியான பொட்டலத்தைப் பிரித்து, மறுபடி சிலுவை போட்டாள். மறுபடியும் மண்ணுதான் என்றாள்.

“ஒரு ராத்திரிக்குள்ள ரெண்டு வாட்டி மண்ணுன்னு சொல்லிட்ட. இனிமே எங்க எழுந்து டூட்டிக்குப் போறது?” என்றேன்.

“உங்களுக்கு எல்லாம் கிண்டல்தான்.”

அந்த வெள்ளிக்கிழமை அவள் கோயிலுக்குப் போய், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தாள். வரும்போது முகத்தில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. “சாமி இன்னா சொன்னாரு?” என்று துளைத்தேன். “பாவசங்கீர்த்தனத்துல பேசுனத வெளிய சொல்லக்கூடாது” என்றாள். “அது சாமியாருக்குத்தான் சட்டம், உனக்கு இல்ல” என்றேன். “எனக்கும்தான்” என்று சொல்லி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

கடைசிவரை சொல்லவேயில்லை. இப்போது யாரைக் கேட்பது?

அமாவாசை ஸ்பெஷல்

போன வாரம் இந்தப் பகுதியில் செஞ்சி பஸ் நிலையத்து டீக்கடைகளைப் பற்றி எழுதினேன். “இத்தனை வருஷம் பஸ்ஸில் ஓடியவர், எப்போது கோயிலுக்குப் போவீர்?” என்று ஒரு வாசக நண்பர் போனில் கேட்டார். நல்ல கேள்வி. போகவில்லை ஐயா. அதுதான் பதில்.

நான் வேலை பார்த்த தடங்களில் மேல்மலையனூர்தான் பெரிது. சாதாரண நாளில் அந்த பஸ்ஸில் புல்லுக்கட்டு, முட்டைத் தட்டு, கல்லூரிப் பிள்ளைகள். அமாவாசை வந்துவிட்டால் வேறு பஸ். அங்காளம்மனைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஜனம் வந்து குவியும். “உள்ள போ, உள்ள போ, பின்னாடி எடம் இருக்குது” என்று நான் கத்துவேன். பின்னாடி இடம் இருக்காது. எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

மாசி மாதம் என்றால் கேட்கவே வேண்டாம். மயானக் கொள்ளை, தீமிதி, தேர் என்று திருவிழா நீண்டுகொண்டே போகும். கண்டக்டருக்கு லீவு என்ற பேச்சே கிடையாது. எங்கள் விபூதிப் புதனும் பெரும்பாலான வருஷம் சரியாக அந்தக் கூட்டத்துக்குள்ளேதான் வந்து விழும். ஈஸ்டர் பௌர்ணமியை ஒட்டி வருகிற பண்டிகை. அங்கிருந்து பின்னால் எண்ணிக்கொண்டு போனால் விபூதிப் புதன் அமாவாசைக்கு அடுத்த நாட்களில்தான் வந்து நிற்கும். நிலாவை இரண்டு பேரும் பார்க்கிறார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவன் நான்.

அதனால்தான் ஆரோக்கியம் சாம்பலைப் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுவரத் தொடங்கினாள். காலைப் பூசை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் சாம்பல் தட்டைக் கழுவ எடுத்துப் போவதற்குள், ஓடிப்போய் ஒரு சிட்டிகை கேட்பாளாம். “வர முடியாதவருக்கு” என்பாளாம். கல்யாணமான மறுவருஷம் ஆரம்பித்த வழக்கம். ஒரு வருஷமும் விட்டதில்லை.

எனக்குப் பக்தி குறைவு என்று ஊரில் பேர். உண்மைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி பஸ்ஸில் போச்சு. ஜெபமாலை சொல்லும்போது மூன்றாம் பத்து மணியில் தூங்கிவிடுவேன். ஆனால் வெயிலில் வெந்து, தொண்டை கட்டி, காலில் செருப்பு அறுந்து வீட்டுக்குள் நுழைகிற அந்தச் சாயந்திரத்தில், அவள் விரல் நெற்றியில் பட்டதும், நான் கடவுளால் மறக்கப்படவில்லை என்று தோன்றும். இதை அவளிடம் ஒருநாளாவது சொல்லியிருக்கலாம்.

பழைய ஓலை வந்தாகணும்

சாம்பல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாத வாசகர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு குருத்து ஞாயிறு. கோயிலில் மந்திரித்த குருத்தோலையைக் கையில் பிடித்துக்கொண்டு பவனி போவோம். அந்த ஓலையைச் சிலுவையாக முடைந்து வீட்டில் சாமிபடத்துக்குப் பின்னால் செருகி வைப்பது வழக்கம். ஒரு வருஷம் அது அங்கேயே காய்ந்து கிடக்கும். அடுத்த தவக்காலம் நெருங்கும்போது எல்லா வீட்டு ஓலையையும் கோயிலுக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு எரிப்பார்கள். அந்தச் சாம்பலைத்தான் விபூதிப் புதனன்று எல்லார் நெற்றியிலும் பூசுவார்கள்.

ஆரோக்கியம் முடைகிற சிலுவைக்கு ஒரு அடையாளம் உண்டு. நடுவில் ஒரு சின்னப் பூப்போல முடிச்சு போடுவாள். வருஷத்துக்கு இரண்டு முடைவாள். ஒன்று வீட்டுக்கு. இன்னொன்று பஸ்ஸுக்கு.

பஸ்ஸுக்கு என்றால், டிரைவர் தனபாலுக்கு. என்னோடு நெடுநாள் ஓட்டியவன். அவன் சீட்டுக்கு மேலே அங்காளம்மன் படம் ஒட்டியிருப்பான். அந்தப் படத்து மூலையில் எங்கள் வீட்டுக் குருத்தோலைச் சிலுவையைச் செருகிக்கொள்வான். “ரெண்டு அம்மாவும் பாத்துக்கட்டும் சூச. நம்ப ரோடு அப்படி” என்பான். என் பேரை அவன் அப்படித்தான் சுருக்குவான். ரெண்டாவது அம்மா என்று அவன் சொன்னது, சிலுவை முடைந்து கொடுத்த ஆரோக்கியத்தை.

ஆனால் தவக்காலம் வந்துவிட்டால் அவனை அவள் விடமாட்டாள். என்னிடம் சொல்லியனுப்புவாள். நான் மறந்தால் பஸ் நிலையத்துக்கே வந்து நிற்பாள்.

“அண்ணே, பழைய ஓலை வந்தாகணும். குப்பைல கிப்பைல போட்டுடாதீங்க. மந்திரிச்சது.”

“இந்தாம்மா தாயே, ஆர்டிஓ கூட இப்படி நின்னு கேட்டதில்ல” என்று எடுத்துக் கொடுப்பான்.

மாலை போட்ட நாள்

போன வருஷம் நடுவில் எனக்கு ஓய்வு வந்தது. டெப்போவில் மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள், எல்லோரும் சேர்ந்து கேசரி சாப்பிட்டோம். வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றித் திரு இருதயப் படத்துக்குப் போட்டேன்.

“இனிமே இன்னா வேணும் சொல்லு. வேளாங்கண்ணி போலாமா? ஊட்டி போலாமா?” என்று ஆரோக்கியத்தைக் கேட்டேன். கையில் நேரம் இருந்தது. நேரம் இருக்கிறவன் பேச்சே தனி.

அவள் யோசிக்கவேயில்லை.

“அடுத்த விபூதிப் புதன் என்கூட வரிசைல நில்லுங்க. அது போதும்.”

“பூ, இவ்ளோதானா?”

“உங்களுக்கு இவ்ளோதான். பொட்டலம் கேட்டுக் கேட்டு எனக்கு வெக்கமா இருக்குது. உபதேசியார் இன்னா நெனைப்பாரு?”

சரி என்றேன். அது எனக்குப் பெரிய காரியமாகவே தெரியவில்லை. காலையில் எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு போய் நிற்க வேண்டியதுதானே.

கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தில், வாசலில் நட்சத்திரம் கட்டுவதற்கு முந்தின நாள், மூங்கில் குச்சிகளைக் கழுவிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. எத்தனையோ பேரை அந்த ரோட்டில் ஏற்றி இறக்கியிருக்கிறேன். அவளை இறக்க வேண்டிய இடத்தில் இறக்க என்னால் முடியவில்லை.

கிறிஸ்துமஸ் வந்தது, போனது. எங்கள் மகள் சகாயம் திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவாள். பகல் முழுக்க நானும் அந்தப் படமும்தான் வீட்டில். படத்துக்குப் பின்னால் ஆரோக்கியம் கடைசியாக முடைந்த சிலுவை. பச்சை போய் மஞ்சளாகி, ஓரத்தில் பழுப்பேறி, நடுவில் அந்தப் பூ முடிச்சோடு இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் அறிவித்தார்கள். வரும் புதன் விபூதிப் புதன், வீட்டிலிருக்கும் பழைய குருத்தோலைகளைக் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்து ஆரோக்கியத்தின் சிலுவையைத் தொட்டுப் பார்த்தேன். அவள் கைபட்டுச் செய்த பொருளில் இன்னும் பிரியாமல் இருப்பது அது ஒன்றுதான். அவள் முடைந்த கூடை கூடத் தேய்ந்து அவிழ்ந்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டுபோய் நெருப்பில் போடு என்றால்?

“குடுத்துடு நைனா” என்றாள் சகாயம் மறுநாள் காலையில்.

“முடியாது.”

“அம்மா இருந்தா குடுத்திருக்கும். ஊரெல்லாம் ஓலையக் கேட்டு வாங்குனது அதுதானே.”

“அவ இல்லியே. அதனாலதான் வச்சுக்கறேன்.”

“நைனா, கொஞ்சம் யோசி. அந்த ஓல போனாத்தான் சாம்பல் ஆவும். நம்ம நெத்தில வரும். படத்துக்குப் பின்னாடி இருந்தா பூச்சிதான் அரிக்கும்.”

“உனக்கு வேலைக்கு டைம் ஆவல?”

கத்திவிட்டேன். அவள் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை உபதேசியார் அந்தோணி சாக்குப்பையோடு எங்கள் தெருவில் வந்தார். சைக்கிள் மணிச் சத்தம் கேட்டதும் நான் பின்கட்டுக்குப் போய் நின்றுகொண்டேன். கதவைத் தட்டினார், கூப்பிட்டார், போய்விட்டார். வயசுக்காலத்தில் ஓலைக்காக ஒளிந்துகொண்ட ஆள் இந்தத் தாலுகாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வரிசை

புதன்கிழமை காலையில் போனேன். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. நகர நகரப் பக்கத்து வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். எனக்குச் சரிசமமாக யார் வருகிறார்கள் என்று பார்த்தேன். ஒரு கைக்குழந்தைக்காரி வந்தாள். குழந்தை என் சட்டைப் பித்தானைப் பிடித்து இழுத்தது.

என் முறை வந்தது. சாமியார் விரலைச் சாம்பலில் தொட்டு நெற்றியில் வைத்தார். “மனிதனே” என்றார். எனக்குத் தாங்கவில்லை. என்னை அப்படிக் கூப்பிட வெட்கப்பட்டவள் நினைவுதான் வந்தது.

இடத்துக்குத் திரும்பி முழங்காலில் இருந்தபோதுதான் சகாயம் சொன்னதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. கோயில் முழுக்க ஒவ்வொரு நெற்றியாகப் பார்த்தேன். தச்சு வேலை செய்கிற லூர்து, காய்கறிக்கடை பிலோமினா, எல்லோர் நெற்றியிலும் எல்லோர் வீட்டு ஓலையும் கலந்து இருந்தது. என் நெற்றியிலும்தான். ஆரோக்கியத்தின் ஓலை மட்டும் அதில் இல்லை. அவள் என்கூட வரிசையில் நிற்க ஒரே வழிதான் மீதி இருந்தது. அதையும் நான் படத்துக்குப் பின்னால் பூட்டி வைத்துவிட்டு வந்திருந்தேன்.

கூட்டம் கலைந்தது. உபதேசியார் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஏன் என்று தெரியாது, பின்னாலேயே ஓடினேன்.

“அண்ணே, ஒரு சிட்டிகை குடுங்க. எம் பொண்ணு டூட்டில இருக்குது, வர முடியல.”

அவர் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“வருசா வருசம் ஆரோக்கியம்மா இப்படித்தான் ஓடியாந்து கேக்கும்.”

“தெரியும்ணே. எங்க வீட்டு ஓலைய நான் குடுக்கல. நேத்து நீங்க வந்தப்போ உள்ளதான் இருந்தேன்.”

“தெரியும், செருப்பு வெளிய கெடந்துச்சு” என்றார். “ஆனா அந்தம்மா ஓல வந்துடுச்சே.”

“எது?”

“உங்க டிரைவரு. அதான் தனபாலு. திங்கக்கெழம பஸ்ஸ ஓரமா நிறுத்திட்டு எறங்கி வந்து குடுத்தாரு. நடுவுல பூ மாதிரி முடிச்சு. ‘பழைய ஓல வந்தாகணும்னு அந்தம்மா சொல்லும். இல்லன்னா என்ன வுடாது’ன்னாரு. குடுத்துட்டு நெத்தில கை வச்சுக்கினு கொஞ்ச நேரம் நின்னாரு. பஸ்ல ஆளுங்க கத்துனாங்க, ஓடிட்டாரு.”

பஸ் ஓலை. அதை நான் சுத்தமாக மறந்துவிட்டேன். நான் ஓய்வு பெற்ற பிறகும் அது அங்காளம்மன் படத்து மூலையிலேயே இருந்திருக்கிறது. மலையனூர் ஸ்பெஷல் நெரிசலில், ஒருநாள் ஓய்வில்லாத அந்த வாரத்தில், அவன் இறங்கி வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அவள் போட்ட விதியை நான் மறைந்து நின்று மீறினேன், அவன் காப்பாற்றினான். சந்தோஷப்படுவதா, தலை குனிவதா? இரண்டையும் செய்தேன். கோயில் திண்டில் உட்கார்ந்து அழுதேன். அந்தோணி தட்டைத் திண்டில் வைத்தார்.

சட்டைப் பையில் துழாவினேன். பழைய பழக்கம், ஒரு துண்டு ரோல் பேப்பர் எப்படியோ கிடந்தது. அதில் மடித்துக் கொடுத்தார்.

பஸ் நிலையம் வழியாக நடந்து வந்தேன். மலையனூரிலிருந்து வந்த ஸ்பெஷல்கள் ஜனத்தைக் கொட்டிக்கொண்டிருந்தன. பாதிப் பேர் நெற்றியில் சாம்பல். என்னைப் பார்த்த ஒரு புதுக் கண்டக்டர் பையன், “அண்ணே, நீங்களும் மலையனூர் போய்ட்டு வரீங்களா?” என்றான். “இல்லப்பா, இது எங்க கோயிலு” என்றேன். “அப்டியா” என்று சொல்லிவிட்டு விசிலை ஊதிக்கொண்டு ஓடினான்.

ஆச்சு

அன்று ஒருசந்தி இருப்பது என்று முடிவு செய்தேன். எங்களில் நோன்பு நாளில் ஒருவேளை மட்டும் வயிறாரச் சாப்பிடுவதற்கு அதுதான் பெயர். ஆரோக்கியம் தவறாமல் இருப்பாள். நான் இருந்ததேயில்லை. உழைக்கிறவனுக்கு ஒருசந்தி கிடையாது என்று நானே சட்டம் போட்டுக்கொண்டு, திருவிழாப் பந்தலில் போடுகிற சாம்பார் சாதத்தைத் தனபாலோடு சேர்ந்து ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன்.

மத்தியானம் பயறு போட்டுக் கஞ்சி வைத்தேன். துவையல் அரைத்தேன், உப்புக் கொஞ்சம் தூக்கல். பசி காதை அடைத்தது. தட்டை எடுத்தேன். ஒரே ஒரு வேளைச் சாப்பாடு, அதைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட மனசு வரவில்லை. சகாயம் வரட்டும் என்று இன்னொரு தட்டும் எடுத்து வைத்து, கஞ்சியை மூடினேன். வெயில் இறங்கியது. தண்ணீர் குடித்துக் குடித்து உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு பஸ் ஹாரனுக்கும் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தாள். பையை இறக்கி வைக்கக்கூட விடவில்லை.

“கண்ண மூடு” என்றேன்.

மூடினாள். பொட்டலத்தைப் பிரித்துச் சிலுவை போட்டேன். பழக்கமில்லாத கை, கோணலாக விழுந்தது.

“நைனா, அம்மா ஓல இதுல இல்லல்ல?” என்றாள் கண்ணை மூடியபடியே.

“இருக்குது. ஆனா நான் குடுக்கல. தனபாலு குடுத்தான்.”

நடந்ததைச் சொன்னேன், ஒளிந்தது உட்பட. அவள் நெற்றியைத் தொட்டு, விரலைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். பேச்சை மாற்றுவதற்காகக் கேட்டேன்.

“சாப்டியா?”

“ஆச்சு நைனா. கூட வேல செய்யற பொண்ணுக்குப் பொறந்த நாளு. சப்பாத்தி வாங்கிக் குடுத்தா” என்று சொல்லிக்கொண்டே முகம் கழுவப் போனாள்.

நான் அடுப்படிக்குப் போனேன். வெளியே எடுத்து வைத்த இரண்டு தட்டில் ஒன்றைத் திரும்ப அடுக்கில் வைத்தேன். அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். பாயில் சாய்ந்துகொண்டு எத்தனையோ விபூதிப் புதன்களில் கேட்டிருக்கிறேன். ஆரோக்கியம் பாத்திரம் அடுக்குகிறாள் என்று நினைத்திருக்கிறேன்.

அடுப்புப் பக்கமே உட்கார்ந்தேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீரோடு, அந்த ஒருவேளைச் சாப்பாட்டை எனக்காக மூடி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஹாரனுக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டு அவள் காத்திருந்திருக்கிறாள். “சாப்டீங்களா” என்று கேட்டது உபசாரத்துக்கு இல்லை. நான் “ஆச்சு, ஆச்சு” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போவேன். ஒரு தட்டை அடுக்கில் வைத்துவிட்டு அவள் தனியாகச் சாப்பிடுவாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை. அடப்பாவி, நீயாவது ஒருநாள் எட்டிப் பார்த்திருக்கக் கூடாதா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

சகாயம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நெற்றிச் சாம்பலில் தண்ணீர் படாமல் கழுவியிருந்தாள். என்னைப் பார்த்தாள், மூடியிருந்த கஞ்சிச் சட்டியைப் பார்த்தாள். மூடியைத் திறந்தாள். மேலே ஏடு கட்டியிருந்தது, கரண்டி படவேயில்லை.

“நீ இன்னும் சாப்டலியா நைனா?”

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அவள் அடுக்கிலிருந்து அந்தத் தட்டைத் திரும்ப எடுத்தாள். எனக்கு எதிரில் சப்பணம் போட்டு உட்கார்ந்து தட்டை நீட்டினாள்.

“ஊத்து.”

“நீதான் சாப்டியே. ஒருசந்தி போச்சே.”

“போனாப் போவுது. சாமி கணக்குப் பாக்காது. ஊத்து நைனா, ஆறுது.”

ஊற்றினேன். சாப்பிட்டு வந்தவள் எனக்காக மறுபடி சாப்பிட்டாள். துவையலில் உப்பு அதிகம் என்று முகத்தைச் சுளித்தாள், ஆனாலும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினாள்.

இது எவ்வளவு சின்னக் காரியம். வயிறு நிறைந்திருந்தால் என்ன, ஆரோக்கியம் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் வாங்கியிருக்கலாம். எனக்கு ஒரு வருஷம்கூடத் தோன்றவில்லை.